இரண்டு நிமிடம் போதவில்லை

தேசம்மா இறந்துபோன செய்தி எனக்கு ரேணிகுண்டா ஸ்டேஷனில் வந்தது. சென்னை ரயிலுக்காகப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கல்லூரியில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. அதில் ஒருவர் போட்டிருந்தார்: “நம் கல்லூரி முன்னாள் பியூன் தேசம்மா காலமானார். ஓம் சாந்தி.” அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். கைகளை இறக்குவதற்குள் இன்னொருவர் வடமாலபேட்டையில் மனைகள் விற்பனைக்கு இருக்கின்றன என்று படம் போட்டுவிட்டார். நான் ரயிலை விட்டுவிட்டு அவர் வீடு இருக்கும் நகரிக்குப் பஸ் ஏறினேன். ஏறுவதற்கு முன் குழுவில் ஒரு வரி எழுதினேன்: “அவர் பியூன் இல்லை, ரிகார்டு அசிஸ்டெண்ட்.” அதற்கும் நாலு பேர் கும்பிட்டார்கள்.

பியூன் வேலை கேவலமானது இல்லை. ஒருவரோடு முப்பது வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்துவிட்டு, அவர் என்ன வேலை செய்தார் என்றுகூடத் தெரியாமல் அஞ்சலி செலுத்துகிறோமே, அதுதான் கேவலம். குழுவில் கும்பிட்ட உங்களில் எத்தனை பேர் உங்கள் பிள்ளைக்கோ தம்பிக்கோ பழைய சர்டிபிகேட் வேண்டுமென்று அவர் மேஜை முன்னால் போய் நின்றிருப்பீர்கள்? தும்மிக்கொண்டே அலமாரிக்குள் போய், தும்மிக்கொண்டே அந்தக் கட்டோடு வெளியே வருவாரே, அந்த அம்மாள்தான்.

எனக்கும் யோக்கியதை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சித்தூரில் எங்கள் கல்லூரியில் நான் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். தேசம்மா நகரியில் விசைத்தறிக் குடும்பத்தில் பிறந்து, பள்ளிக்கூடம் போகிற வயதில் நூல் சுற்றி, பத்தாவது முடித்து, எங்கள் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தவர். முதல் பத்து வருஷம் நான் அவரை “ஏம்மா” என்று மட்டும்தான் கூப்பிட்டேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது அவர் என் தப்பைக் கண்டுபிடித்த பிறகு.

கல்லூரிக்குப் பெரிய விழா ஒன்று வந்தது. மலர் போட்டார்கள். கல்லூரியின் வரலாற்றை எழுதும் பொறுப்பு எனக்கு. பழைய வருகைப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டு போனபோது, இரண்டாம் உலகப் போருக்குச் சில வருஷம் முந்தைய ஒரு நவம்பர் மாதத்தில் ஏழு மாணவர்களுக்கு ஒரே நாளில் ஆப்சென்ட் போட்டிருந்தது. மறுநாளும் போட்டிருந்தது. கடைசிவரை அப்படியே. பிறகு வருகை போதவில்லை என்று பரீட்சை எழுதவிடாமல் பெயரை அடித்திருந்தார்கள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆற அமர யோசிக்காமல், “சுதந்திர வேட்கை கொண்ட ஏழு மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து வெளிநடப்புச் செய்தார்கள்” என்று எழுதிவிட்டேன். மலரை மேடையில் ஒரு பெரிய மனிதர் வெளியிட்டார். எனக்குச் சால்வை போட்டார்கள்.

மறுவாரம் தேசம்மா ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். கையில் இரண்டு ரிஜிஸ்டர்கள்.

“சார், நீங்க எழுதினதைப் படிச்சேன். அவங்க வெளிய போகவே இல்ல சார்.”

“ஆப்சென்ட்னு போட்டிருக்கே, பாக்கலையா?” என்றேன். குரலில் எரிச்சல் இருந்திருக்கும்.

“அது ஹாஜர் பட்டி, வருகைப் பதிவேடு. இது தண்டனைப் பதிவேடு. கரையான் வந்திருக்குதுன்னு ரெண்டையும் வெயில்ல போட்டேன். பக்கத்துல பக்கத்துல தொறந்து கெடந்துச்சு. ரெண்டுலயும் ஒரே தேதி, ஒரே கையெழுத்து. இதுல பாருங்க, ‘நாள் முழுவதும் வகுப்பில் எழுந்து நின்றார், பெயர் கூப்பிட்டதற்குப் பதில் சொல்லவில்லை’ன்னு இங்கிலீஷ்ல எழுதிக்கிறாங்க. ஏழு பேருக்கும் அதேதான். இல்லாத ஆளு எப்டி சார் நிப்பான்?”

வரலாறு படித்து, வரலாற்றில் பட்டம் வாங்கி, வரலாறு சொல்லிக்கொடுத்துச் சோறு தின்றவன் ஒரு ரிஜிஸ்டரோடு நிறுத்திக்கொண்டேன். பத்தாவது படித்தவர் இரண்டாவதைத் திறந்து பார்த்தார். அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. அந்த நவம்பர் நாளின் நிகழ்ச்சி நிரல், மாணவர்களிடம் விளக்கம் கேட்ட கடிதங்கள் என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். ஆறு மாதத்தில் கதை முழுசாகத் தெரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். முதல் உலகப் போர் முடிந்த நாளை நினைத்து, அந்தக் காலத்தில் வெள்ளைக்கார அரசு வருஷா வருஷம் நவம்பரில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கச் சொல்லும். எங்கள் கல்லூரி மண்டபத்திலும் நின்றார்கள். இரண்டு நிமிடம் முடிந்து மணி அடித்ததும், வந்திருந்த அதிகாரி பேச எழுந்தார். அடுத்த போருக்குத் தயாராக வேண்டும், மாணவர்கள் பயிற்சிப் படையில் சேர்ந்து துப்பாக்கி பிடிக்கப் பழக வேண்டும் என்றார். எல்லாரும் உட்கார்ந்து கேட்டார்கள். ஏழு பேர் உட்காரவில்லை. பேச்சு முடிந்தும் உட்காரவில்லை. வகுப்புக்குப் போய் அங்கேயும் நின்றார்கள். பெயர் கூப்பிட்டபோது வாய் திறக்கவில்லை. அவர்களைப் பொறுத்தவரை மௌனம் இன்னும் முடியவில்லை. பயிற்சிப் படையைக் கலைக்கிற வரை முடியாது என்று அவர்களுக்குள் ஒப்பந்தம். தினமும் நேரத்துக்கு வந்தார்கள், தினமும் நின்றார்கள். எதிரே நிற்கிறவனைப் பார்த்துக்கொண்டே ஆசிரியர் தினமும் ஆப்சென்ட் போட்டார்.

கோஷம் இல்லை, கொடி இல்லை, கல் இல்லை. தண்டிப்பதற்குக் குற்றம் ஒன்று வேண்டுமே என்று நிர்வாகம் திண்டாடியிருக்கிறது. கடைசியில் எதிரே நிற்கிறவர்களை இல்லை என்று எழுதிவிடுவதே சுலபம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அது அவர்கள் செய்த அயோக்கியத்தனம். வெளியே போகாதவர்களை நான் வெளியே போகவைத்தேன். அது என் பங்கு. சும்மா நிற்பதில் வீரம் இருக்கிறது என்பது என் மண்டையில் ஏறவில்லை.

ஏன் உட்காரவில்லை என்று ஏழு பேரிடமும் எழுத்தில் விளக்கம் கேட்டிருந்தார்கள். முனிரத்தினம் என்ற மாணவன் எழுதியது மட்டும் மிஞ்சியிருந்தது. ஒரே வரி. “இறந்தவர்களுக்கு இரண்டு நிமிடம் போதவில்லை, ஐயா.” தேசம்மா அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, மூக்கைச் சிந்தினார். தூசி என்றார். நானும் தூசி என்றே வைத்துக்கொண்டேன்.

சேர்க்கைப் பதிவேட்டில் முனிரத்தினத்தின் ஊர் வடமாலபேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேசம்மா என்னைக் கிளப்பிக்கொண்டு போனார். நிலமில்லாமல் கூலிக்குப் போன குடும்பம். முனிரத்தினம் எப்போதோ இறந்துவிட்டார். பேரன் சேகர் ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறவர். கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“காலேஜிலிருந்தா? எங்க தாத்தா காலேஜிக்கு டிமிக்கி குடுத்துட்டு ஓடினவருதானே. அதான் பேரை எடுத்துட்டாங்க. எங்க ஊட்ல எவன் இஸ்கூலுக்குப் போகலைன்னாலும், ‘தாத்தா மாதிரியே வந்து பொறந்துக்கிறான்’னுதான் திட்டுவாங்க. எங்க நைனா சாவற வரிக்கும் அதைச் சொல்லிக்கினே இருந்தாரு.”

தேசம்மா தண்டனைப் பதிவேட்டில் இருந்ததைத் தமிழில் நிதானமாகச் சொன்னார். சேகர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப அவரு ஓடலியா?”

“ஓடலப்பா. நின்னாரு.”

பிறகுதான் சேகர் இன்னொன்றைச் சொன்னார். முனிரத்தினம் கைக்குழந்தையாக இருந்தபோது, அவருடைய நைனாவை முதல் உலகப் போரில் மூட்டை சுமக்கப் பஸ்ராவுக்குக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று ஒரு காகிதம்கூட வரவில்லை. அப்படிப்பட்ட பிள்ளையை நிற்கவைத்து, இரண்டு நிமிடம் அப்பனை நினைத்துக்கொள், மூன்றாவது நிமிடம் துப்பாக்கியைத் தூக்கு என்று சொல்லியிருக்கிறார்கள்.

கிளம்பும்போது சேகர் ஒன்றே ஒன்று கேட்டார். “காலேஜி முத்திரையோட ஒரு காயிதம் குடுப்பீங்களா மேடம்? எங்க அத்த உயிரோட இருக்குது. தாத்தாவுக்கு ஒரே பொண்ணு. ஓடினவன் பொண்ணுன்னு பேச்சு கேட்டே கெழவி ஆயிடுச்சு. அதுக்குப் படிச்சுக் காட்டணும்.”

“வாங்கித் தரேன்” என்றார் தேசம்மா. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் மிச்ச வாழ்க்கையில் அத்தனை பேரிடம் அவமானப்பட்டார்.

அர்ஜி எழுதிக் கொடுத்தார். பழைய பதிவேட்டைத் திருத்த முடியாது என்றார்கள். திருத்த வேண்டாம், அந்த ஏழு பேரும் அன்று வகுப்பில் இருந்தார்கள் என்று தனியாக ஒரு தாளில் எழுதி முத்திரை போட்டால் போதும் என்றார். மேலே கேட்க வேண்டும் என்றார்கள். முதல்வர்கள் மாறினார்கள், பதில் மாறவில்லை. ஒருவர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நான் தேசம்மா சொல்வதுதான் சரி என்றேன். அவர் மேஜையிலிருந்த விழா மலரை எடுத்து என் பக்கத்தைத் திறந்து வைத்தார். “நீங்கள்தானே எழுதினீர்கள், வெளிநடப்பு என்று? பெரியவர்கள் வெளியிட்ட புத்தகம். இப்போது அது பொய் என்று நாங்களே சீல் போட்டுத் தருவதா?” என் எழுத்தை வைத்தே என் வாயை அடைத்தார். மறுப்பை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பதவி உயர்வு ஒன்று நிலுவையில் இருந்தது. பேசாமல் எழுந்து வந்தேன். அந்த மௌனத்துக்கும் அந்த ஏழு பேர் மௌனத்துக்கும் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும்.

தேசம்மா அதற்காக என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் வழியில் வேலையைத் தொடர்ந்தார். ஒரு சீட்டில் ஏழு பெயரையும் எழுதி, “இவர்கள் அன்று வகுப்பில் இருந்தார்கள். பார்க்க: தண்டனைப் பதிவேடு” என்று கீழே குறித்து, கையெழுத்துப் போட்டு, வருகைப் பதிவேட்டில் அந்தப் பக்கத்தில் செருகி வைத்தார். ஆய்வுக்கு வருகிறவர்கள் எடுத்துப் போடுவார்கள். அவர் மறுபடி எழுதி வைப்பார். ஒருமுறை கேட்டேன், எத்தனை நாளைக்கு இப்படி என்று.

“காயிதத்துக்குப் பஞ்சமா சார் இந்த ஆபீஸ்ல? அவங்க எடுத்துக்கினே இருக்கட்டும். நான் வச்சுக்கினே இருக்கறேன்.”

அவருடைய கடைசி வருஷங்களில் ஆபீசுக்கு விரல் ரேகை மிஷின் வந்தது. சின்ன வயதிலிருந்து நூல் உரசி உரசித் தேசம்மாவின் விரல்களில் ரேகை தேய்ந்துபோயிருந்தது. மிஷின் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. நகரியிலிருந்து விடிகாலைப் பஸ் பிடித்து, எல்லாருக்கும் முன்னால் வந்து, விரலை நனைத்து, துடைத்து, மறுபடி வைத்துப் பார்ப்பார். சிவப்பு விளக்குதான் எரியும். மாதக் கடைசியில் பாதி நாள் ஆப்சென்ட் என்று தாள் வரும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பெண்மணியிடம், நீங்கள் ஏன் வரவில்லை என்று விளக்கம் கேட்டு அதே ஆபீசிலிருந்து மெமோ வந்தது. அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டிச் சிரித்தார்.

“பாத்தீங்களா சார், நானும் எட்டாவது ஆளு ஆயிட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சண்டைக்குப் போனேன். மிஷின் பொய் சொல்லாது என்றார்கள். ரிஜிஸ்டர் பொய் சொல்லாது என்று அன்றைக்கும் சொல்லியிருப்பார்கள்.

அவர் ஓய்வு பெற்று இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஒரு காலை நகரியில் வீட்டுக்குள்ளேயே மாரடைப்பு. பஸ் ஏறிப் போய் முகம் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலே கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பழைய பைக்குள் அர்ஜிகளின் நகல்கள் இருந்தன. கடைசி அர்ஜி போன மாதத் தேதியில் இருந்தது.

மறுவாரம் கல்லூரியில் இரங்கல் கூட்டம். அதே மண்டபம். தேசம்மாவின் படத்தை மேடையில் வைத்து மாலை போட்டிருந்தார்கள். சேகர் ஒர்க்‌ஷாப்பில் லீவு சொல்லிவிட்டு ரேணிகுண்டாவிலிருந்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதல்வர் அவசரத்தில் இருந்தார். ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்று வேலைக்கு ஆள் எடுக்க வந்திருந்தது. நேர்காணல் அதே மண்டபத்தில். பிள்ளைகள் ஃபைலோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். முதல்வர் தேசம்மாவை “கடமை தவறாத அடிமட்ட ஊழியர்” என்றார். ஏழு மாணவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு இரண்டு நிமிட மௌனம் என்று அறிவித்தார். எழுந்தோம்.

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். இருபது விநாடி ஆகியிருக்காது. “தேங்க் யூ, தேங்க் யூ. கூர்ச்சோண்டி” என்றார் முதல்வர். நாற்காலிகள் கிரீச்சிட்டன. எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

நான் உட்காரவில்லை.

“சார், கூர்ச்சோண்டி சார். டைம் லேது” என்று மைக்கில் அவசரப்படுத்தினார். நான் பதில் சொல்லவில்லை. வாய் கிழியப் பேசியே காலம் தள்ளியவன், அன்றைக்குத்தான் முதன்முறையாகச் சரியான இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை. ஓய்வு பெற்றவனை யாரால் என்ன செய்ய முடியும்? திரும்பிப் பார்த்தபோது கடைசி வரிசையில் சேகர் நின்றுகொண்டிருந்தார். பக்கச் சுவரை ஒட்டிப் பவானி நின்றுகொண்டிருந்தாள். தேசம்மாவின் நாற்காலியில் இப்போது தற்காலிகமாக வேலை பார்க்கிற பெண். அவளுடைய வேலையை நீட்டிக்கிற தாள் முதல்வர் மேஜையில்தான் இருக்கிறது. அப்படியும் அவள் உட்காரவில்லை. தேசம்மாவின் படத்தை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தில் கம்பெனி பேனரைக் கட்டுகிற வரை மூன்று பேரும் நின்றோம்.

பவானி சாவி எடுத்துக்கொண்டு வந்தாள். ரிகார்டு அறைக்குப் போய் அந்த வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். சீட்டு இல்லை. எடுத்துப் போட்டிருந்தார்கள். பவானி கேட்காமலே ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள். ஏழு பெயர்களையும் எழுதினேன். கீழே, “இவர்கள் வெளிநடப்புச் செய்தார்கள் என்று விழா மலரில் நான் எழுதியது தவறு” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு எட்டாவதாகத் தேசம்மா என்று எழுதி, பக்கத்தில் “முப்பது வருஷமும் இங்கேதான் இருந்தார்” என்று சேர்த்தேன். இதை எடுக்கிறவர்கள் எடுக்கட்டும். நான் இப்போது இருக்கும் திருப்பதியிலிருந்து சித்தூருக்கு அரை மணிக்கொரு பஸ் இருக்கிறது.

தேசம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தப் பழக்கம் ஒன்றைத்தான். அதைக் கைக்கொள்ள எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது என்பதில் வெட்கம் இருக்கிறது. முத்திரை என்னிடம் கிடையாது. கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கப் போவதும் இல்லை. இந்தக் கட்டுரை அச்சானதும் சேகர் எடுத்துக்கொண்டு போய்த் தன் அத்தைக்குப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே கடைசி வரியை அந்த அம்மாளுக்காக எழுதுகிறேன், தேசம்மா வாங்கித் தருவதாகச் சொன்ன காகிதம் இதுதான் என்று வைத்துக்கொள்ளட்டும்.

அம்மா, உங்க நைனா ஓடல. நின்னாரு.